தராசில் ஏறிய மாங்காய் மாலை

உ

காரைக்குடி
தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை, 1967

அன்பு மகள் சீதாலட்சுமிக்குக் கொப்புடையம்மன் துணையிருக்கட்டும். உன் அம்மா எழுதுகிறேன். இங்கே எனக்கும் உன் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, பசு கன்று போட்டிருக்கிறது, கொல்லைக் கிணற்றில் தண்ணீர் ஏறியிருக்கிறது. அந்தமானில் மழை விட்டதா, கடல்காற்றில் தலைமுடி கொட்டுகிறது என்று எழுதியிருந்தாயே அது நின்றதா என்று முதலில் எழுது. கப்பல் தபால் இந்தத் தடவை சீக்கிரம் வந்துவிட்டது. உன் கடிதத்தைப் பிரித்தால் நலம் விசாரித்தது ஒரு வரி, என்னைக் கண்டித்தது இரண்டு பக்கம். அம்மா, நீங்கள் சபையில் இப்படிச் செய்திருக்கக் கூடாது, தீபாவளிக்குள் அத்தை வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள் என்று எழுதியிருக்கிறாய். உன் அப்பா எனக்குத் தெரியாமல் உனக்குக் கார்டு போட்டிருக்கிறார் என்று அதிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். வீட்டுக்குள் என்னோடு பேசாத மனுஷன் அந்தமான் வரைக்கும் பேசியிருக்கிறார். ஒரு கார்டில் எவ்வளவு எழுத முடியும், அதனால் நடந்ததை நான் முதலிலிருந்து சொல்கிறேன், கேட்டுவிட்டு நீயே தீர்ப்புச் சொல். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், உன் அத்தை நீலாயதாட்சிக்குச் செய்ததற்காக நான் ஒரு துளியும் வருத்தப்படவில்லை. நாலு வருஷமாக நெஞ்சுக்குள் உமித்தீ மாதிரி கனன்றது இப்போதுதான் கொஞ்சம் அடங்கியிருக்கிறது. இன்னும் முழுதாக அடங்கவில்லை.

நீ எல்லாவற்றையும் மறந்துவிட்டேன் என்கிறாய். வாத்தியாரம்மாவுக்குப் பெரிய மனசு. நான் பெற்றவள், எனக்கு மறக்காது. நீ தொட்டிலில் கிடக்கும்போதே வந்து உன் கன்னத்தைக் கிள்ளி, இவ எம் மகன் ஆசைத்தம்பிக்குத்தான், வேற எவனும் இந்த வாசப்படிய மிதிக்கக் கூடாது என்று தானாகச் சொன்னவள் உன் அத்தை, நான் கேட்கவில்லை. அன்றிலிருந்து மருமகளே மருமகளே என்றுதான் உன்னைக் கூப்பிட்டாள். அப்புறம் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது, நம் தெருவில் பொன் பட்டறைகளெல்லாம் தீயில்லாமல் கிடந்தன, உன் அப்பா வேலையில்லாமல் சுத்தியலைத் துடைத்துத் துடைத்து வைத்துக்கொண்டிருந்தார். அவள் வீட்டுக்காரர் மட்டும் யாரையோ பிடித்து லைசென்ஸ் வாங்கி நகைக்கடை வைத்துவிட்டார். கடை வந்ததும் அவளுக்கு நாக்கு நீண்டது. சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்தில் பந்தி நடக்கிறது, நீ பாயாச வாளியோடு நிற்கிறாய், உன் காதுபட ஊர் காதுபடச் சொன்னாள், எங்க அண்ணன் பட்டறையில பொன்னா இருக்கு, தீ மூட்டுற உமிதான் இருக்கு, மருமக கழுத்துல உமியக் கட்டியா கூட்டிட்டு வரச் சொல்றீக என்று. இலையில் இருந்தவர்களில் நாலைந்து பேர் சிரித்தார்கள். நீ வாளியைக் கீழே வைக்கவில்லை, வரிசை முடியும் வரைக்கும் பாயாசம் ஊற்றிவிட்டுத்தான் உள்ளே போனாய். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அன்றைக்கு நீ அழுதிருந்தால் நானும் உன்னைத் தேற்றிவிட்டு மறந்திருப்பேனோ என்னவோ. நீ அழாமல் அந்தமான் வேலைக்கு மனுப் போட்டாய். மாப்பிள்ளை தேட வக்கில்லாமல் மகளைக் கடலில் தள்ளிவிட்டாள் பிச்சையம்மாள் என்று அதற்கும் அவளே ஊரெல்லாம் பேசினாள்.

அந்த வருஷங்களில் நம் வீட்டில் உலை கொதித்தது நீ சொல்லிக்கொடுத்துவிட்டுப் போன காகிதச் சுருளால்தான். டிரெயினிங் பள்ளிக்கூடத்தில் கைவேலை வகுப்பில் படித்தது என்று நீ செய்துகாட்டியபோது நான் சிரித்தேன், நினைவிருக்கிறதா. கலர்த் தாளை வாழைநார் அகலத்துக்குக் கீறி, ஈர்க்கின் நுனியைப் பிளந்து அதில் தாளின் முனையைச் செருகி உருட்டினால் சுருள், கொஞ்சம் தளரவிட்டு ஒரு பக்கம் கிள்ளினால் மாங்காய், இரண்டு பக்கமும் கிள்ளினால் கண், இவ்வளவுதானே என்றேன். இவ்வளவுதான் என்னைக் காப்பாற்றியது. பொங்கலுக்கு வாழ்த்து அட்டைகளில் கரும்பும் பானையும் சுருளிலேயே வைத்து ஒட்டினேன், செட்டிநாட்டு ஆச்சிமார் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற பிள்ளைகளுக்கு அனுப்ப வாங்கிப் போனார்கள். கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம், நவராத்திரிக்குக் கொலு பொம்மைக்கு மாலை, தலைதீபாவளிக்குச் சீர்த்தட்டை மூடுகிற வட்டம் என்று ஒன்று மாற்றி ஒன்று கேட்டு வந்தார்கள். உன் அப்பா முதலில் திரும்பியே பார்க்கவில்லை. பொன் கம்பியைச் சுருட்டின மனுஷனுக்குத் தாளைப் பார்க்க மனம் வருமா. ஒருநாள் என்னுடைய மாங்காய்க்கு மூக்குச் சரியில்லை என்று சொல்லிக்கொண்டு நகையைப் பிடிக்கிற சாவணத்தை எடுத்து வந்து உட்கார்ந்தார், அதிலிருந்து தினம் உட்கார்ந்தார். இது உன் அத்தை காதுக்கும் போயிற்று. தங்கம் சுருட்டுன கை தாள் சுருட்டுது, அடுத்து பீடி சுருட்டுமாம் என்றாளாம். வந்து சொன்னவளுக்கு மோர் கொடுத்து அனுப்பினேன்.

இப்படியிருக்க ஆடி மாதக் கடைசியில் நீலாயதாட்சியே வெற்றிலை பாக்கோடு வந்தாள். ஆசைத்தம்பிக்குக் கல்யாணம், காளையார்கோவில் சத்தியமூர்த்தி ஆசாரி மகள் சொர்ணவல்லி, பரம்பரைப் பட்டறை, கழுத்து நிறையப் போடுகிறார்கள் என்று என் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சொன்னாள். அவளுக்கு நம் வீட்டுப்படி ஏற ஆசையில்லை, வேறு வழியில்லை. தாய்மாமன் மாலை போட்டு அழைத்து வராமல் மாப்பிள்ளை மணையில் உட்கார முடியாது, அதற்கு உன் அப்பாவை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள். உன் அப்பா உருகிப்போய்விட்டார். தங்கச்சி வந்துவிட்டாள் என்று வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு எழுந்து நின்றார், எனக்கு எரிந்தது. அவர் வெளியே போன சமயம் அவள் அடுப்படிக்கு வந்து குரலை இறக்கினாள். மதினி, மாமன் சீருன்னு வெறும் தேங்கா பழத்தோட வந்து எம் மானத்த வாங்கிராதீக, பொண்ணு வீட்டுக்காரக பாக்கத் தட்டு நெறஞ்சு இருக்கணும், பொன்னுக்கு நீங்க எங்க போவீக, பளபளன்னு எதையாச்சும் வச்சுக் கொண்டாங்க போதும், எவன் தொட்டுப் பாக்கப் போறான் என்றாள். சீதா, நான் ஒன்றும் யோசனை செய்து கண்டுபிடிக்கவில்லை. அவளே வந்து என் கையில் கொடுத்தாள். சரி நீலாயதாட்சி, பளபளன்னு கொண்டாறேன் என்றேன். காப்பி கூடப் போட்டுக் கொடுத்தேன்.

அன்றைக்கே வேலையைத் தொடங்கினேன். சப்பரத்துக்கு ஒட்டுகிற பொன் ஜிகினாத் தாளை மஞ்சள் தாளோடு சேர்த்து ஒட்டிக் கீறினேன், கெம்புக்கல் வருகிற இடத்தில் சிவப்புக் கண்ணாடித் தாளை மடித்து வைத்தேன், தச்சர்கள் ஒட்டுகிற வச்சிரப் பசையைக் காய்ச்சி மேலே தடவியதும் சுருள் இறுகிப் பொன்னைப் போலவே ஒரு மினுக்கு வந்தது. என்ன செய்தேன் தெரியுமா, மாங்காய் மாலை, காசுமாலை, அட்டிகை, ஒட்டியாணம், வங்கி, காதுக்கு ஜிமிக்கி. உனக்கு என்னென்ன போடுவதாக அவளும் நாங்களும் ஒருகாலத்தில் பேசி வைத்திருந்தோமோ அத்தனையும். ஒவ்வொன்றையும் கிள்ளும்போது அவள் கன்னத்தைக் கிள்ளுவதாகவே நினைத்துக்கொண்டேன். உன் அப்பாவிடம் ஒரு ஆச்சி வீட்டில் ஆளுயரக் கொலு பொம்மைக்குக் கேட்டிருக்கிறார்கள் என்று சொன்னேன். அவரும் நம்பி உட்கார்ந்தார். மாங்காய் எல்லாம் அவர் கையால் கிள்ளியது, கொக்கி அவர் வைத்தது, கோத்து முடித்து மாலையைத் தூக்கிப் பார்த்தபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், பட்டறை நடந்த காலத்தில் இருந்த முகம். கோயில் அம்மாள் கழுத்துல போட்டாலும் போடலாம் போல இருக்கு என்றார். இது எங்கே போகப்போகிறது என்று அவரிடம் சொல்லிவிடலாமா என்றுகூட நினைத்தேன். ஆனாலும் நிறுத்தவில்லை.

கல்யாணத்துக்கு முதல்நாள் சாயங்காலம் சீர் போயிற்று. மேளக்காரரோடு ஆண்கள் முன்னால், தட்டு எடுத்த பெண்கள் பின்னால், அதனால் உன் அப்பா கண்ணில் ஒன்றும் படவில்லை. அவர் பார்த்து எடுத்து வைத்தது வேட்டி துண்டும் தேங்காய் பழமும் மாப்பிள்ளைக்கு ஒரு சின்ன மோதிரமும். என் தலையில் இருந்த பெரிய தாம்பாளத்தில் நகை சுற்றுகிற ரோஸ் தாளைப் பரப்பி எல்லாவற்றையும் அடுக்கி மேலே சிவப்புப் பட்டுத்துணியைப் போட்டிருந்தேன். பந்தலுக்குள் நுழையும்போது அங்கே என்ன நடந்துகொண்டிருந்தது தெரியுமா. உன் அத்தை நடுச்சபையில் ஜமக்காளத்தை விரித்துக் கடைத் தராசைக் கொண்டுவந்து வைத்து, அந்தப் பெண்ணுக்குப் போட்ட நகையை ஒவ்வொன்றாகக் கழற்றச் சொல்லி நிறுத்துக்கொண்டிருந்தாள். கழற்றிக் கழற்றிக் கொடுத்துக்கொண்டு அந்தப் பெண் தலையைக் குனிந்தபடி நிற்கிறாள், அவள் அப்பா சத்தியமூர்த்தி ஆசாரி தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஆசாரிமார் சபையில் ஒரு ஆசாரியின் பொன்னை நிறுத்துப் பார்ப்பதைவிட அவமானம் உண்டா, நீயே சொல். எனக்குக் கொஞ்சநஞ்சம் இருந்த தயக்கமும் அங்கே போயிற்று. நான் பட்டுத்துணியை எடுத்தேன். பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் தாம்பாளம் பற்றி எரிகிற மாதிரி இருந்தது. சபை வாயைத் திறந்தது. உன் அத்தை ஓடி வந்தாள். பக்கத்தில் வந்து பார்த்தவளுக்குக் கவரிங் என்று பட்டிருக்கும், அவள்தானே அப்படி எதையாவது கொண்டுவரச் சொன்னவள். அதோடு வாயை மூடியிருந்தால் தப்பித்திருப்பாள். அற்பனுக்கு வாழ்வு வந்தால் சும்மா இருப்பானா. தட்டைத் தூக்கிக் காட்டி, பாருங்க சம்பந்தி, எங்க அண்ணன் சீரு, எல்லாம் சொக்கத் தங்கம், உங்க மக போட்டு வந்ததுக்கு இது ஒரு மாத்து கூடத்தான் இருக்கும் என்றாள். நான் பக்கத்தில் நின்றேன், ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றைக்கு முழுக்க நான் ஒரு பொய் சொல்லவில்லை, அதை எழுதி வைத்துக்கொள்.

சத்தியமூர்த்தி ஆசாரி தூணை விட்டுவிட்டு முன்னால் வந்தார். அம்மா சொன்னாச் சரிதான், ஆனா எம் பொண்ணு நகைய நிறுத்த தராசு இங்கனதானே இருக்கு, மாமன் சீரையும் அதுலயே வச்சிருங்க, ரெண்டு பக்கமும் ஒரே மொறையா இருக்கட்டும் என்றார். சபை ஆமாம் ஆமாம் என்றது. உன் அத்தை முகத்தில் ரத்தம் இல்லை. சீரை நிறுக்கிறது எங்க வழக்கம் இல்லைங்க என்று இழுத்தாள். சபைக்குப் பெரியவர் வீரையா ஆசாரி, நிறுக்கிறது வழக்கமில்லேன்னா கொஞ்ச முன்னாடி எதைத்தான் நிறுத்துக்கிட்டு இருந்தே என்று கேட்டுவிட்டு மாங்காய் மாலையைக் கையில் எடுத்தார். எடுத்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது, காலமெல்லாம் பொன் பிடித்த கை. கண்ணை நிமிர்த்தி ஒரு தரம் என்னைப் பார்த்தார். மாலையைத் தராசுத் தட்டில் வைத்தார், மறுதட்டில் இருக்கிறதிலேயே சின்னப் படிக்கல்லை வைத்தார். மாலை இருந்த தட்டு ஜிவ்வென்று மேலே போய் நின்றது. யாரோ ஒரு கிழவி, காத்துல செஞ்ச நகையா என்று கேட்டாள். அப்புறம் சிரிப்பு. உன்னைப் பார்த்துச் சிரித்தவர்களும் அங்கே இருந்தார்கள் சீதா, அவர்கள்தான் அதிகமாகச் சிரித்தார்கள். நான் உன் அத்தையைப் பார்த்து, பட்டறையில உமிதான் இருக்குன்னியே நீலாயதாட்சி, உமியில்லம்மா, தாளு, நீ கேட்டபடியே பளபளன்னு இருக்கா என்று கேட்டேன். நாலு வருஷமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த பேச்செல்லாம் எங்கேயோ போயிற்று, வந்தது இவ்வளவுதான். இவ்வளவே போதுமாக இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நான் நினைக்காதது. உன் அத்தை தலையில் அடித்துக்கொண்டு, எந்தப் பாவி செஞ்ச வேலை இது, அண்ணே நீங்களே சொல்லுங்க, இந்தப் பாதகத்தி உங்களுக்குத் தெரியாமத்தானே செஞ்சா என்று கத்தினாள். உன் அப்பா எழுந்தார். தராசிலிருந்து மாலையை எடுத்தார், தன் கை கிள்ளிய மாங்காய்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஆமாம் என்று சொல்லியிருந்தால் எல்லாப் பழியும் என் தலையில் விழுந்திருக்கும், அவருடைய தங்கை அவருக்கு மிச்சமாயிருப்பாள். அவர் சொன்னது, எங் கை வேலைதான். அவ்வளவுதான். சொல்லிவிட்டு மாலையைத் தாம்பாளத்தில் வைத்துவிட்டுப் பந்தலுக்கு வெளியே போய் நின்றார். மறுநாள் காலையில் மாமன் முறைக்கு ஆசைத்தம்பிக்கு மாலை போட்டார், அவளும் வேறு வழியில்லாமல் போடவிட்டாள், அதோடு பிறந்த வீட்டு உறவு அறுந்தது என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லி முடித்தாள். வீட்டுக்கு வந்ததிலிருந்து உன் அப்பா என்னோடு பேச்சில்லை. சாப்பாடு வைத்தால் சாப்பிடுவார், என் சுருள் வேலைப் பக்கம் வருவதில்லை, சாவணத்தைத் துணியில் சுற்றி மேலே போட்டுவிட்டார். அவளை அடிக்க அவர் கையை எடுத்துக்கொண்டேன் என்று அவருக்குக் கோபம். அந்தக் கோபம் நியாயமா இல்லையா என்று என்னைக் கேட்காதே, எனக்கு அவர் பேசாதது வலிக்கிறது, அது மட்டும்தான் தெரியும். அவளுக்குச் செய்தது வலிக்கவில்லை. இரண்டையும் கலக்காதே.

இனிமேல் எழுதுவது இன்றைக்கு நடந்தது, உன் அப்பா கார்டில் இருக்காது. இன்று காலை கொப்புடையம்மன் கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் சொர்ணவல்லி நம் வீட்டுக்கு வந்து நின்றாள். எனக்கு அவளை அடையாளமே தெரியவில்லை, தாலிக் கயிறு தவிர உடம்பில் குன்றிமணிப் பொன் இல்லை. பூக்கூடைக்கு அடியிலிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்துப் பிரித்தாள், உள்ளே நம்முடைய காகித நகை. கல்யாணம் முடிந்த அன்றே உன் அத்தை குப்பைக் குழியில் எறிந்தாளாம், இவள் பொறுக்கி எடுத்து வைத்திருக்கிறாள். மாலையில் நாலைந்து சுருள் பிரிந்து கொக்கி அறுந்திருந்தது. பெரியம்மா, இதைச் சரி பண்ணிக் குடுப்பீகளா, தலதீபாவளிக்கு எங்க ஊருக்குப் போறப்பப் போட்டுக்கணும் என்றாள். உனக்கென்னத்துக்கு ஆத்தா தாள் நகை, உங்கப்பா போட்டதெல்லாம் எங்கே என்று கேட்டேன். அத்தை வாங்கிப் பெட்டகத்துல வச்சுப் பூட்டிட்டாக, சாவி அவுக இடுப்புல இருக்கு, ஊருக்குப் போறப்பவாச்சும் குடுங்கன்னு கேட்டேன், பஸ்ஸுல திருட்டுப் பயம்னுட்டாக என்றாள். அறுந்த கொக்கியை விரலால் தடவிக்கொண்டே, போன வாரம் கடைக்குச் சாப்பாடு கொண்டு போனேன் பெரியம்மா, எங்கப்பா செஞ்ச அட்டிகை கண்ணாடிப் பெட்டியில விக்கிறதுக்குத் தொங்குது என்றாள். அழவில்லை. அதைச் சொல்லும்போது முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொண்டாள். வெறுங்கழுத்தோட போயி நின்னா அப்பா தாங்க மாட்டாக, இதைப் போட்டுக்கிட்டா வாசல்ல நிக்கிறவுகளுக்குத் தூரத்துல நகை மாதிரித் தெரியும்ல என்றாள்.

அந்தக் கழுத்தைப் பார்த்தேன் சீதா. உன் கழுத்து அது. நாலு வருஷமாக என் மகளுக்கு வர வேண்டிய வாழ்வை உன் அத்தை தட்டிப் பறித்துவிட்டாள் என்று நான் எரிந்துகொண்டிருந்தது இதற்காகத்தானா என்று தோன்றியது. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டுத் திரும்பினால் உன் அப்பா பின்னால் நிற்கிறார். பட்டறையில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவர், எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். மேலே போட்ட சாவணத்தை எடுத்துத் துணியைப் பிரித்துக்கொண்டே, பசை கொண்டா என்றார். கல்யாணத்துக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். நான் ஓடிப்போய்க் கொண்டுவந்தேன். இரண்டு பேரும் உட்கார்ந்து பிரிந்த சுருளை எடுத்துவிட்டுப் புதிது வைத்தோம், நசுங்கினதை நிமிர்த்தினோம், கொக்கியை அவர் முன்னைவிடக் கெட்டியாக வைத்தார். முடித்து அவள் கையில் கொடுக்கும்போது சொன்னார், தாயி, தீபாவளிக் காலையில உங்கப்பா கால்ல விழுந்து எந்திரிக்கிறப்ப இதைக் கழட்டி அவுக கையில குடு, நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம், அவுக ஆசாரி, கை சொல்லிரும் என்றார். அவளுக்கு விளங்கிவிட்டது. இதுனால சண்டை வருமா பெரியப்பா என்று கேட்டாள். வரட்டும் என்றார் உன் அப்பா. தங்கச்சி மேல் உயிரையே வைத்திருக்கிற மனுஷன் சீதா. அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டு அப்படியே தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

இப்போது உன் தீர்ப்பைச் சொல். நீ எழுதியபடி நான் மன்னிப்புக் கேட்கத்தான் போகிறேன், எந்த நாளில் என்பதை மட்டும் நான் குறிக்கிறேன். தீபாவளி கழிந்து காளையார்கோவில்காரர்கள் வீரையா ஆசாரியையும் கூட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள், வராமல் இருக்க மாட்டார்கள், வராவிட்டால் நானே போய் அழைத்து வருவேன். அதே சபையைக் கூட்டி, அதே தராசை நடுவில் வைத்து, அந்தப் பெண்ணின் நகை ஒவ்வொன்றையும் நிறுத்து அவள் கழுத்தில் நீலாயதாட்சியே தன் கையால் போடட்டும். அட்டிகை விற்றுப் போயிருந்தால் வேறு செய்து போடட்டும், அவள் வீட்டில் இல்லாத பொன்னா. போட்டு முடித்த அன்றைக்கு நான் அவள் காலில் விழுகிறேன், எல்லோரும் பார்க்க விழுகிறேன். அதுவரைக்கும் மன்னிப்பு என்ற பேச்சை எடுக்காதே, அப்பாவிடம் கேட்டுப் பார், இப்போது அவரும் இதைத்தான் சொல்லுவார்.

நீ பத்திரமாக இரு. சம்பளம் வந்ததும் எல்லாவற்றையும் எங்களுக்கு அனுப்பிவிட்டு நீ வயிற்றைக் கட்டாதே. உன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் ஒருவர் நல்ல மாதிரி என்று இரண்டு கடிதமாக எழுதுகிறாய், மூன்றாவது கடிதத்திலாவது அவர் எந்த ஊர் என்று எழுது. கிறிஸ்துமஸுக்குப் பிள்ளைகளுக்கு நட்சத்திரம் செய்யச் சொல்லிக்கொடுக்கிறேன் என்றாய், உங்கள் ஊர் ஈரத்துக்குச் சுருள் தளர்ந்துவிடும், கீறின தாளை விளக்குச் சூட்டில் காயவைத்துவிட்டுச் சுருட்டு, பசையில் துளி மயில்துத்தம் போடு, பூச்சி அரிக்காது, ஆனால் அது விஷம், சின்னப் பிள்ளைகளைத் தொடவிடாதே, பசை வேலையை நீயே செய். பார்சலில் பொன் ஜிகினாத் தாள் ஒரு கட்டு அனுப்பியிருக்கிறேன், மிச்சம் வைக்காமல் செலவழி. எல்லா அம்மாளும் உன்னைக் காக்கட்டும், நீ நினைத்தது நடக்கட்டும், உன்னை அழவைக்க நினைக்கிறவர்கள் உனக்கு முன்னால் அழட்டும். பொங்கலுக்கு உன் அத்தைக்கு வாழ்த்து அட்டை அனுப்பாதே. சொர்ணவல்லிக்கு ஒன்று உன் கையால் செய்து நம் வீட்டு விலாசத்துக்கு அனுப்பு, நான் கொடுத்துவிடுகிறேன். உன் இடத்தில் போய் உட்கார்ந்தவள் என்று நினைக்காதே, உனக்கு விழ வேண்டிய அடியைத் தான் வாங்கிக்கொண்டவள் என்று நினைத்துச் செய்.

இப்படிக்கு,
உன் அம்மா
பிச்சையம்மாள்